தோள் மூட்டு மாற்றுச் சிகிச்சை: வரவும் செலவும்

வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பாராத கணக்கு கணக்காகாது என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். தேய்ந்த தோள் மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

1893-இல் பாரிஸ் நகரில் பியான் என்னும் டாக்டர், காசநோயால் அழிந்த தோளில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். கை இயங்கிற்று, ஆயினும் நோய் தணியாமையால் சுமார் 2 ஆண்டுகளில் அதனை எடுத்துவிட நேர்ந்தது. 1950-களில் அமெரிக்க டாக்டர் சார்லஸ் நீயர் வகுத்த உலோக மூட்டே இன்றைய முறைக்கு அடிப்படையாயிற்று.

இச்சிகிச்சையின் முதல் வரவு, வலி நீங்குதலே. இரவில் உறக்கத்தைக் கெடுத்த வலி அகன்றமையால் பெரும்பாலோர் திருப்தியடைகின்றனர். இளமைக்கால வலிமை திரும்பும், பெருஞ்சுமை தூக்கலாம் என்று எதிர்பார்த்தவர்களே ஏமாற்றமடைகின்றனர்.

இனிச் செலவு. மூட்டு நழுவலாம், தோட்பட்டையில் பொருத்திய கிண்ணம் நாளடைவில் தளரலாம், எலும்பு முறியலாம், நரம்பு ஊறுபடலாம். தோலில் இயல்பாக வாழும் ஒருவகைக் கிருமி உட்புகின், காய்ச்சலோ சீழோ இன்றி, மாதங்கள் கழித்து வலியாகவும் விறைப்பாகவும் மட்டுமே வெளிப்படுவதுண்டு. ஆதலால், அடங்கிய வலி மீண்டும் தோன்றின் முதுமையின் இயல்பென்று வாளாவிருத்தல் தகாது. உடனே டாக்டரிடம் காட்டல் வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் கையைத் தூளியிலிட்டு, பல மாதங்கள் பயிற்சி செய்தல் அவசியம். இதற்கு இசைபவர், தாம் நாடுவது வலி நீக்கமா, பழைய வலிமையா என்பதை முன்னரே டாக்டரிடம் கூறித் தெளிவாராக.