மௌன இல்லத்திற் பிறந்த கதைகள்

பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலே இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பார் தொடங்கிய 'நண்பர்' சமயக் குழுவினரைக் குவேக்கர் என உலகம் வழங்கும். குருமாரும் சடங்குகளும் அவர்க்கு வேண்டா. ஒன்றுகூடி வாய்பேசாதிருந்து, அகத்தே தோன்றும் ஒளியை நாடுவதே அவர்தம் வழிபாடு. அரசனையும் ஏவலனையும் ஒருமையிலேயே விளித்தனர். பெண்களும் சபையில் எழுந்து பேசலாம். அடிமை வாணிகத்தை முன்னின்று கண்டித்தவருள் அவரும் ஒருவர். இத்துணை உயர்ந்த நெறி ஒரு சிறுமிக்குச் சுமையான வரலாற்றையே ஈண்டு கூறப்புகுகின்றேன்.

1799இற் பிறந்த மேரி, ஸ்ரபோட்சயரிலே வளர்ந்தவர். நில அளவையாளரான தந்தையார் குவேக்க நெறியிற் சிறிதும் தளராதவர். இசை, கூத்து, கட்டுக்கதை யாவும் அவ்வீட்டிற்கு ஆகா. மௌனமோ வழிபாட்டு வேளையோடு அமையாது வீடு முழுவதும் நிறைந்தது. அதனால் மேரியும் தமக்கை அன்னாவும் பேசக் கற்கவே காலந்தாழ்த்தனர். பொருள்களுக்குச் சொல்லறியாது தாமே சொற்களைப் புனைந்துகொண்டனர். ஊட்டிய சொல் போதாதவிடத்துப் பிள்ளை தானே சொல்லாக்குகின்றது! மொழி கற்பிக்கும் நம்மனோர் இதனை நினைந்து பார்த்தல் வேண்டும்.

1809இற் குறோய்டனிலுள்ள குவேக்கர் பாடசாலைக்கு இருவரும் அனுப்பப்பட்டனர். பின்னர் வீட்டிலிருந்து தாமே கற்ற பருவத்தில், கிடைத்த நூல்களையெல்லாம் மேரி வேட்கையோடு படித்தார், செய்யுளும் எழுதினார். அணையிட்ட நீர் வேறு வழி தேடியது.

1821இல் வில்லியம் ஹவிற் என்னும் குவேக்க எழுத்தாளரை மணந்தார். இருவரும் வாழ்நாள் முழுவதும் எழுதிவந்தனர். ஆங்கிலம் கற்ற சிறுவர் பலர் மனனஞ் செய்த 'சிலந்தியும் ஈயும்' என்னும் பாட்டு மேரி ஹவிற் இயற்றியதே. ஜேர்மனியில் வாழ்ந்த காலத்தில் சுவீடிய, டேனிய மொழிகளைப் பயின்றார். ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சனின் கதைகளை 1846இல் ஆங்கிலத்திற் பெயர்த்து நூலாக்கினார். அண்டர்சனின் சிறுவர் கதைகளை ஆங்கிலேயர்க்கு முதன்முதல் அளித்தவருள் அவரும் ஒருவர். கதை மறுக்கப்பட்ட சிறுமி ஒரு நாட்டுச் சிறார்க்கெல்லாம் கதை வழங்கினார்!

1847இற் கணவரும் மனைவியும் குவேக்கர் சபையை விட்டு நீங்கினர். எனினும் மேரி தம் குலநெறி முழுவதையும் உதறினாரல்லர். மணமான பெண்டிர்க்குச் சொத்துரிமை வேண்டி 1856இல் எழுந்த விண்ணப்பத்திற்கு உழைத்தவருள் அவரும் ஒருவர். எல்லாரும் சமம் என்னும் குவேக்க விதை அவருள்ளே வாடவில்லை. வாய்ப்பூட்டு ஒன்றே கழன்றது.

நம் சான்றோரும் மோனத்தைப் போற்றினர். ஆயின் அது சொல்லின் பயனெல்லாம் உணர்ந்தவர் தாமே மேற்கொண்ட மோனம். சொல்லே அறியாத குழவிமேற் சுமத்திய மௌனம் அதனோடு ஒப்பதன்று. மாணாக்கன் பாடநூலினடியிற் கதைநூலை மறைத்து வைத்துப் படிக்கக் காணும் ஆசிரியர், அதனைப் பறிக்குமுன் மேரியை ஒருகணம் எண்ணுவாராக.