தேய்ந்த போதிகைகள் சொன்ன சாட்சி

வீட்டிலே மின்குமிழ் ஒன்று எரிந்து போனால் வேறொன்றை வாங்கி மாட்டுகின்றோம். அதுவும் விரைவில் எரிந்து போனால் கடைக்காரரைக் குறை கூறுகின்றோம். மூன்றாவதும் போன பின்னரே, சுவரினுள் ஓடும் கம்பியில் ஏதும் பழுது உண்டோ என்று எண்ணத் தலைப்படுகின்றோம். கெட்டதை மாற்றுவது எளிது. கெடுத்ததைத் தேடுவது அரிது. வீட்டிலே இதனால் சில ரூபாய்களே நட்டமாகும். கடலிலே உயிரும் போகலாம். எம் கண்முன் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை ஈண்டு எடுத்துக் கூறுவது, மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

இலங்கையில் 1958 ஆம் ஆண்டளவில் கடற்றொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சி தொடங்கியது. அதன் பயனாக, 28 அடி நீளமும் உள்ளே பொருத்திய டீசல் இயந்திரமும் கொண்ட படகுகள் எமது கரைகளுக்கு வந்தன. 'மூன்றரைத் தொன் படகு' என்று தொழிலாளர் இவற்றை அழைப்பர். எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தகப்பனாரிடம் அத்தகைய படகு ஒன்று உண்டு. ஈராண்டுகளுக்கு முன், எட்டு மாதங்களுள் மூன்று முறை அதன் சுழல்தண்டுப் போதிகை தேய்ந்து கெட்டது. போதிகை என்பது பட்டறைகளில் 'பெயரிங்' எனப்படுவதே.

படகின் நடுவிலே இயந்திரம் இருக்கும். அதன் விசையைப் பின்புறத்து விசிறிக்குக் கொண்டு செல்வது நீண்ட உருக்குத் தண்டு. இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டியோடு அது இரு வட்டத் தட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். படகின் உடலைத் துளைத்து வெளியேறுமிடத்தில், கடல்நீர் உட்புகாதவாறு ஓர் அடைப்பு உண்டு. அதற்கு அப்பால், விசிறிக்கு அண்மையில் தண்டைத் தாங்கி நிற்பதே போதிகை. வெளியே பித்தளை உறை; உள்ளே நெடுக்காகப் பள்ளங்கள் ஓடிய றப்பர். இதற்கு எண்ணெய் வேண்டியதில்லை. பள்ளங்களினூடே பாயும் கடல்நீரே உராய்வைத் தணித்து வெப்பத்தையும் அகற்றும்.

மூன்றாம் முறை அது கெட்டது ஓர் இரவிலே, கரைக்கு வெகு தூரத்தில். தேய்ந்த துளையினுள் தண்டு துள்ளியது; துள்ளிய தண்டு நீரடைப்பைக் குலைத்தது; கடல் உள்ளே வரத் தொடங்கியது. இயந்திரத்தை நிறுத்தி, அடைப்பைக் கந்தையால் சுற்றிக் கட்டி, விடியும்வரை தகப்பனும் மூத்த மகனும் மாறி மாறி நீரை இறைத்தனர். காலையில் வேறொரு படகு அவர்களை இழுத்து வந்தது.

அன்று மாலை அவர் எமது வீட்டுக்கு வந்தார். "மாஸ்ரர், மூண்டாந்தரமும் போச்சு. சாமான்தான் சரியில்லை. இனி வேற கடையிலதான் வாங்கவேணும்" என்றார். பூட்டிய தொழிலாளியோ, படகை ஓட்டும் முறையிலே குறை என்றாராம். விற்ற வணிகர், பூட்டிய கை சரியில்லை என்றாராம். மூவரும் மூன்று பேரைக் குற்றவாளியாக்கினர்; குற்றம் நிகழ்ந்த இடத்தை எவரும் நோக்கவில்லை.

பொருளிலே குறை இருத்தல் இயலாத காரியமன்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விசிறியால் ஓடும் நீராவிக் கப்பல்கள் தோன்றியபோது உலோகப் போதிகைகள் விரைவாகத் தேய்ந்து பெருந்தொல்லை கொடுத்தன. 1854 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொறியியலாளர் ஜோன் பென் என்பார், கரிபியன் நாடுகளில் வளரும் லிக்னம் வைற்றே என்னும் வைரமரத்தின் கீலங்களை உள்ளே பதித்து, கடல்நீரையே மசகாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நீரில் அமிழ்ந்துவிடும் அளவுக்குப் பாரமானதும் இயல்பாகவே பிசின் நிறைந்ததுமான அம்மரம் தொல்லையைத் தீர்த்தது. பின்னர் 1920களில், அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் ஷெர்வூட், நீரேற்றி ஒன்றின் கெட்ட போதிகைக்குப் பதிலாக றப்பர்க் குழாய்த் துண்டொன்றை வைத்துப் பார்த்தார். தற்காலிகமாக வைத்த அத்துண்டு உலோகத்தினும் நெடுங்காலம் உழைத்தது. இன்றைய றப்பர்ப் போதிகையின் பிறப்பு அதுவே. அக்கப்பல்களின் நோய்க்கு முதற்காரணம் பொருளிலேயே இருந்தது. இப்படகிலும் அவ்வாறுதானா என்பதே எமது கேள்வி.

"பழைய போதிகைகள் எங்கே?" என்று கேட்டோம். எறிந்துவிட்டதாக அவர் கூறினார். ஆனால் அவர் மனைவியார், பழைய பித்தளை வாங்குவோரிடம் விற்கலாம் என்று அவற்றைக் கோழிக்கூட்டின் அருகே ஒரு தகரத்தில் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சிக்கனமே எமக்கு வழிகாட்டியது. மறுநாட் சனிக்கிழமை, புதிதாய்க் கழற்றியதையும் சேர்த்து மூன்றையும் வரிசையாக வைத்து நோக்கினோம்.

தேய்ந்த போதிகை ஒரு சாட்சி. படிக்கத் தெரிந்தவனுக்கு அது பேசும். றப்பரில் நெடுகக் கீறல்கள் இருந்தால் மணல் புகுந்தது என்பது பொருள். கருகிப் பளபளத்தால் நீர் பாயவில்லை. போதிகை சுற்றிலும் ஒரே அளவாகத் தேய, தண்டு மட்டும் ஒரு பக்கத்தில் மினுங்கினால் தண்டு வளைந்துள்ளது. முன் முனையில் ஒரு பக்கமும் பின் முனையில் அதற்கு எதிர்ப்பக்கமும் தேய்ந்திருந்தால், தண்டு போதிகையினுள் சாய்ந்து நின்று சுழன்றது; அதாவது இயந்திரமும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை.

எது மேற்பக்கம் என்று அறிவது எவ்வாறு? போதிகை திரும்பாதவாறு மேலிருந்து இறுக்கும் சிறு திருகாணியின் தழும்பு பித்தளை உறையிலே பதிந்திருந்தது. அதனை மேலாக வைத்துப் பார்த்தபோது, மூன்றிலும் முன் முனை மேற்பக்கமும் பின் முனை கீழ்ப்பக்கமும் தேய்ந்திருந்தன. மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் அளித்தன.

ஆயினும் ஒரு சாட்சியத்தைக் கொண்டு தீர்ப்பெழுதுதல் தகாது. விசிறியின் இதழ்களைப் பார்த்தோம். நெளிவோ உடைவோ இல்லை. தண்டைக் கழற்றிக் கடைசற் பட்டறையிலே சுழற்றிச் சோதித்தோம், வளைவு இல்லை. நீர் செல்லும் வழியும் அடைபடவில்லை. புதிய போதிகையைப் பூட்டிய பின்னர், தொழிலாளி இணைப்புத் தட்டுகளின் இடைவெளியை மெல்லிய அளவுத் தகட்டால் அளந்தார். தட்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி வேறுபடலாகாது. இங்கே தட்டு 4 அங்குலம். எனவே ஆயிரத்தில் 4 பங்கு வரை பொறுக்கலாம். வேறுபாடு 3 பங்கே. "பாத்தீங்களோ, நான் சரியாத்தான் செய்தனான்" என்றார் அவர். உண்மையே, அவர் மூன்று முறையும் சரியாகவே செய்திருந்தார். ஆனால் மூன்று முறையும் படகு மணலில் இருந்தது!

தரையிலே அடிமரத்தின் கீழ் வைத்த இரண்டு கட்டைகளே படகின் பாரத்தைச் சுமக்கும். நீரிலோ, அதன் அடிப்பாகம் முழுவதையும் கடல் தாங்கும். தாங்கும் இடம் மாறும்போது படகின் உடல் சிறிது வளையும். கண்ணுக்குத் தெரியாத அவ்வளைவு தண்டுக்குத் தெரியும்.

படகை நீரில் இறக்கி ஒருநாள் கழிய விட்டோம். பின்னர், பதினாறு வயது நிரம்பிய எமது மாணவனே தட்டுகளை அளந்து பயிற்சிப் புத்தகத்தில் எழுதினான்: மேலே 17, கீழே 2. தண்டின் தட்டை மட்டும் கால் சுற்றாக நான்கு முறை திருப்பி அளந்தான். தண்டு பழுதெனில் பெரிய இடைவெளி அதனோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அது சுற்றவில்லை, மேலேயே நின்றது. குற்றவாளி அகப்பட்டான். தொழிலாளி அவ்விடைவெளியை நெடுநேரம் நோக்கி நின்று, "இவ்வளவு காலமும் தரையிலதான் பாத்தனாங்கள்" என்று மெல்லச் சொன்னார். அந்நேர்மையை நாம் மதிக்கின்றோம்.

பின்புறத் தாங்கியொன்றின் றப்பரும் எண்ணெய் ஊறி இளகியிருந்தது. அதனை மாற்றினார், இயந்திரத்தின் கால்களின் கீழ் மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும், படகு மிதந்தவாறே வேறுபாட்டை 3 ஆக்கினார். அரை நாள் வேலை. ஓராண்டு கழித்து அடிப்பாகத்துக்கு வர்ணம் பூசக் கரையேற்றியபோது தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தோம், ஆட்டம் இல்லை.

மாணவர்களே, பொருளைப் பழித்தல், ஆளைப் பழித்தல், விதியைப் பழித்தல் ஆகிய மூன்றும் எளிய வழிகள். ஒரே பழுது மீண்டும் மீண்டும் வருமாயின் கெட்டதை எறியாதீர். அதனைக் கையிலெடுத்துப் பாருங்கள். அளக்கும்போதும், பொருள் வேலை செய்யும் நிலையிலேயே அளவுங்கள். மணலிலே நேராக நிற்பதெல்லாம் கடலிலும் நேராக நிற்கும் என்று கொள்ளற்க.

அம்மையார் அத்தகரத்தைப் பித்தளைக்காரனுக்கு விற்றுவிட்டார். ஒரு போதிகையை மட்டும் மகன் கேட்டு வாங்கித் தன் மேசைமேல் வைத்திருக்கின்றான்.