தீர்க்கதரிசிக்காகக் காத்திருந்த கற்கள்

கி.மு. 164ஆம் ஆண்டின் குளிர்காலம். மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு யூதக் கிளர்ச்சித் தலைவர் யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் எருசலேம் ஆலயத்துக்குள் காலடி வைக்கிறார்கள். வாயிற்கதவுகள் எரிந்து கிடக்கின்றன. முற்றத்தில் புதர் மண்டியிருக்கிறது. நடுவே பலிபீடம். அதன்மேல் அந்நிய தெய்வத்துக்கு வேறொரு பீடம் எழுப்பி, மூன்று ஆண்டுகளாக அங்கே பலியிட வைத்திருந்தான் கிரேக்க மரபில் வந்த அரசன் நான்காம் அந்தியோக்கு.

மேலே எழுப்பிய அந்நியப் பீடத்தை என்ன செய்வது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. அதைப் பெயர்த்துத் தீட்டான இடத்தில் கொட்டினார்கள். அடியில் இருந்த சொந்தப் பலிபீடத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. முன்னோர் பலியிட்ட புனிதக் கற்கள் அவை. ஆனால் தீட்டுப்பட்டுவிட்டன. இனி அவற்றின்மேல் பலியிட முடியாது, குப்பையில் வீசவும் மனம் வரவில்லை. கூடிப் பேசினார்கள். கடைசியில் பீடத்தைக் கல் கல்லாகப் பிரித்து, ஆலய மலையிலேயே தகுந்த இடத்தில் பத்திரப்படுத்தினார்கள். ஒரு தீர்க்கதரிசி வந்து இவற்றை என்ன செய்வது என்று சொல்லும்வரை அவை அங்கேயே இருக்கட்டும் என்பது முடிவு. மக்கபேயர் முதல் நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது.

ஒரு கற்குவியலுக்காகத் தீர்க்கதரிசி வரும்வரை காத்திருக்க ஒரு சமூகம் ஏன் முடிவெடுத்தது? விவிலியத்தில் பலிபீடத்துக்கும் தீர்க்கதரிசனத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

உளி படாத கல்

எபிரெய மொழியில் பலிபீடத்தின் பெயர் ‘மிஸ்பேயாக்’. அறுத்துப் பலியிடுவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ்க் கோயில்களிலும் கொடிமரத்தை அடுத்து ஒரு பலிபீடம் உண்டு. அது சோறும் பூவும் இடும் சிறு கல். எருசலேமில் இருந்ததோ ஒரு காளையை முழுதாக எரிக்கக்கூடிய பெரும் அடுப்பு.

யாத்திராகமத்தில் இதற்கான முதல் விதி மிக எளியது. பீடத்தை மண்ணால் கட்டலாம். கல்லால் கட்டினால் உளி படாத கல்லாக இருக்க வேண்டும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத மரபு நூலான மிஷ்னா இதற்குக் காரணம் சொல்கிறது: இரும்பு மனிதனின் ஆயுளைக் குறைக்க வந்தது, பலிபீடம் ஆயுளை நீட்டிக்க வந்தது; குறைப்பதை நீட்டிப்பதன்மேல் ஓங்கக் கூடாது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபாட்டுக் கூடாரத்தோடு தூக்கிச் சென்ற பீடம் சீத்திம் மரத்தால் செய்து வெண்கலத் தகடு போர்த்தியது. ஐந்து முழ நீளம், ஐந்து முழ அகலம், மூன்று முழ உயரம். சாலொமோன் ஆலயத்தில் வைத்த வெண்கலப் பீடம் இருபது முழச் சதுரம், பத்து முழ உயரம். அதாவது ஏறத்தாழ முப்பதடிக்கு முப்பதடி, பதினைந்தடி உயரம்.

நான்கு மூலைகளிலும் கொம்புகள் உண்டு. பாவநிவாரண பலியின் இரத்தத்தைக் குரு விரலால் தொட்டுப் பூசுவது இந்தக் கொம்புகளில்தான். மீதி இரத்தத்தைப் பீடத்தின் அடியில் ஊற்றிவிடுவார். உயிருக்கு அஞ்சியவர்கள் ஓடிவந்து பற்றிக்கொண்டதும் இதே கொம்புகளைத்தான். தாவீதின் மகன் அதோனியா அப்படிப் பற்றி அப்போதைக்குத் தப்பினான். படைத்தலைவன் யோவாபும் பற்றினான், ஆனால் அவன் தப்பவில்லை. திட்டமிட்டுக் கொலை செய்தவனைப் பலிபீடத்திலிருந்தும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று நியாயப்பிரமாணமே சொல்லியிருந்தது. பலிபீடம் அடைக்கலம் தரும். நியாயத்தை மறைக்கத் துணைபோகாது. பின்னால் வந்த தீர்க்கதரிசிகள் பேசியதற்கெல்லாம் இதுவே அடித்தளம்.

இருட்டில் ஒரு குரு

இந்தப் பீடத்தின் நெருப்பு அணையக் கூடாது என்கிறது லேவியராகமம். அதனால் ஆலயத்தின் ஒவ்வொரு நாளும் சாம்பல் அள்ளுவதில்தான் தொடங்கும். இரண்டாம் ஆலயக் காலத்தில் அது எப்படி நடந்தது என்பதை மிஷ்னா கண்முன் நிறுத்துகிறது.

பொழுது விடியவில்லை. சீட்டு விழுந்த ஒரு குரு மட்டும் முற்றத்துக்குள் போகிறார். கூட யாரும் இல்லை, கையில் விளக்கும் இல்லை. பலிபீடத்துத் தணல் வெளிச்சமே அவருக்கு வழிகாட்டி. வெளியே நிற்பவர்களுக்கு அவர் உருவம் தெரியாது. தண்ணீர்த் தொட்டியின் மரப்பொறி கிறீச்சிடும் சத்தம் கேட்டால், அவர் கைகால் கழுவுகிறார் என்று அறிந்துகொள்வார்கள். பிறகு அவர் வெள்ளிக் கரண்டியோடு பீடத்தின்மேல் ஏறி, தணலை விலக்கி, எரிந்தடங்கியதை அள்ளிக்கொண்டு இறங்குவார்.

இந்தச் சாம்பல் அள்ளும் வேலைக்கு அப்படியொரு போட்டி இருந்தது. முதலில் சீட்டு முறை கிடையாது. விரும்பியவர்கள் பீடத்தின் சரிவுப்பாதையில் ஓட வேண்டும், முந்துபவருக்கே வேலை. ஒருநாள் இருவர் சமமாக ஓட, ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட்டார். விழுந்தவருக்குக் கால் ஒடிந்தது. அதற்குப் பிறகுதான் சீட்டுப் போடும் வழக்கம் வந்தது என்கிறது மிஷ்னா. கடவுளுக்கு அருகே நிற்கும் ஆசையிலேயே அடுத்தவன் காலை ஒடித்துவிடக்கூடிய ஆபத்து உண்டு என்பதை அந்தச் சமூகம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

அடகுத் துணிமேல் வழிபாடு

தீர்க்கதரிசிகள் பலிபீடத்தை வெறும் கல்லாகப் பார்க்கவில்லை, சாட்சியாகப் பார்த்தார்கள். சாலொமோனுக்குப் பிறகு நாடு இரண்டாகப் பிரிந்தது. வடநாட்டு அரசன் எரொபெயாம் பெத்தேலில் பொன் கன்றுக்குட்டியை நிறுத்திப் பீடம் கட்டினான். தென்னாடான யூதாவிலிருந்து வந்த தேவமனிதர் ஒருவர் அங்கே நின்று பேசினார். பக்கத்திலேயே அரசன் நின்றான், ஆனால் அவர் விளித்தது அரசனை அல்ல, பலிபீடத்தை. யோசியா என்றொருவன் பிறப்பான், உன்மேல் மனித எலும்புகள் எரிக்கப்படும் என்பது அவர் செய்தியின் சாரம். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து யோசியா அரசன் அங்கே வந்து அப்படியே செய்ததாக இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் சொல்கிறது.

அதே பெத்தேலுக்கு கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரிலிருந்து ஆமோஸ் வந்தார். ஆடு மேய்ப்பவர், காட்டத்திப் பழத் தோப்பிலும் வேலை செய்தவர். வழிபாட்டுத் தலத்தில் கூட்டத்துக்கோ பலிக்கோ பஞ்சமில்லை. அவர் கண் போனது தரையில் விரித்திருந்த துணியின்மேல். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் சூரியன் மறைவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம், ஏனென்றால் இரவில் அவனுக்குப் போர்வையும் அதுதான். அப்படிப்பட்ட அடகுத் துணிகளைப் பீடங்களின் பக்கத்தில் விரித்து, பணக்காரர்கள் அதன்மேல் சாய்ந்திருந்தார்கள். துணிக்குச் சொந்தக்காரன் எங்கோ குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பான். பெத்தேல் பீடத்தின் கொம்புகள் வெட்டுண்டு தரையில் விழும் என்று ஆமோஸ் அறிவித்தது இந்தப் பின்னணியில்தான்.

வெட்டுண்ட கொம்பு என்றால் எப்படி இருக்கும் என்பதை 1973இல் உலகம் பார்த்தது. ஆமோஸ் கண்டித்த தலங்களில் பெயெர்செபாவும் ஒன்று. அங்கே அகழாய்வு செய்த யோகனான் அகரோனியின் குழுவினர் ஒரு பண்டகசாலையின் சுவரில் வித்தியாசமான சில கற்களைக் கண்டார்கள். அடுக்கிப் பார்த்தபோது அது ஒரு பெரிய பலிபீடம். மூன்று கொம்புகள் முழுதாக இருந்தன, நான்காவது வெட்டப்பட்டிருந்தது. ஒரு கல்லில் பாம்பின் உருவம். உளி படாத கல் என்ற விதிக்கு மாறாகக் கற்கள் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருந்தன. எசேக்கியா அரசனின் சீர்திருத்தத்தில் அது பிரிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து, அதை ஏற்காதவர்களும் உண்டு. ஒருகாலத்தில் பலிபீடமாக இருந்த கற்கள் பண்டகசாலைச் சுவரில் செருகப்பட்டுக் கிடந்தது மட்டும் உறுதி.

தணலும் அளவுகோலும்

பலிபீடத்தைக் கண்டித்த அதே தீர்க்கதரிசிகளுக்கு நம்பிக்கையும் அங்கிருந்தே பிறந்தது. அசுத்த உதடுகளுள்ள மனிதன் நான் என்று கலங்கிய ஏசாயாவின் வாயைத் தொட்டுச் சுத்தமாக்கியது பலிபீடத்திலிருந்து குறட்டால் எடுத்த ஒரு தணல். அதற்குப் பிறகுதான் அவர் பேசப் போகிறார்.

எசேக்கியேல் பாபிலோனில் கைதி. ஆலயம் எரிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நிலையில் அவர் காணும் தரிசனத்தில் ஒருவர் அளவுகோலோடு வந்து புதிய பலிபீடத்தின் அளவுகளைச் சொல்கிறார்: மேலே அடுப்பு பன்னிரண்டு முழச் சதுரம், அதன் கீழ்த்தட்டு பதினான்கு, படிகள் கிழக்கு நோக்கி. கட்டடக் கணக்குப் போலத் தோன்றும் இந்தப் பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. முந்தைய தரிசனம் ஒன்றில், மண்டபத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே இருபத்தைந்து பேர் ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனை வணங்குவதை அவர் கண்டிருந்தார். புதிய பீடத்தில் கிழக்குப் படிகளில் ஏறுகிறவரின் முகம் தானாகவே ஆலயத்தைப் பார்க்கும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பி நின்ற மக்களை அந்தப் படிக்கட்டே நேராக நிற்க வைக்கிறது.

சிறையிருப்பு முடிந்து திரும்பியவர்கள் முதலில் கட்டியதும் பலிபீடத்தைத்தான். ஆலயத்துக்கு அஸ்திவாரமே போடாத நேரம். சுற்றியிருந்த மக்களைக் குறித்த பயம் நெஞ்சில். அவர்களை வழிநடத்திய யெசுவாவும் செருபாபேலும் பழைய இடத்திலேயே பீடத்தை நிறுத்தி, காலையும் மாலையும் பலி செலுத்தத் தொடங்கினார்கள்.

தானியேல் புத்தகம் அன்றாடப் பலி நிறுத்தப்படுவதையும், பாழாக்கும் அருவருப்பு அங்கே வைக்கப்படுவதையும் பேசுகிறது. கி.மு. 167இல் அந்தியோக்கு செய்ததை மக்கபேயர் நூல் அதே சொல்லால் குறிக்கிறது. இயேசுவும் தானியேலின் இந்தச் சொல்லை எடுத்து, வரப்போகும் அழிவின் அடையாளமாகச் சொன்னார். கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை எரித்தது.

இயேசு பலிபீடத்தைப் பற்றிச் சொன்ன இன்னொன்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். அவர்களுக்குப் பலிபீடம் 100 கிலோமீட்டருக்கும் அப்பால், பல நாள் நடை. அத்தனை தூரம் வந்தவன் திரும்பி ஊருக்கு நடந்து, சகோதரனைச் சந்தித்து, மறுபடியும் வர வேண்டும். ஆமோஸ் அடகுத் துணியைக் காட்டிச் சொன்னதைத்தான் இயேசு ஒரு மனிதனின் நடைப்பயணத்தில் வைத்துச் சொல்கிறார்.

விவிலியத்தின் கடைசிப் புத்தகத்திலும் பலிபீடம் வருகிறது, இப்போது பரலோகத்தில். சாட்சிக்காகக் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்களைப் பீடத்தின் கீழே காண்கிறார் யோவான். இரத்தம் ஊற்றப்பட்ட இடம் அதுதானே. எவ்வளவு காலம் எங்களுக்கு நியாயம் தாமதமாகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். பிறகு பொன் பீடத்தில் தூபத்தோடு பரிசுத்தவான்கள் எல்லாருடைய ஜெபமும் எழுகிறது. தூதன் தூபகலசத்தில் அதே பீடத்தின் நெருப்பை நிரப்பிப் பூமியில் கொட்டுகிறான். கேட்கப்படாமல் போன முறையீடுகள் பலிபீடத்தில் சேர்ந்திருந்து, அங்கிருந்தே பதிலாகத் திரும்புகின்றன.

அந்தப் பழைய கற்களின் கதை மிஷ்னாவில் தொடர்கிறது. ஆலய முற்றத்தை ஒட்டி, இரவுப் பணியில் இருக்கும் குருக்கள் குளிருக்கு நெருப்பு மூட்டிப் படுத்துறங்கும் ஓர் இல்லம் இருந்தது. அதன் நான்கு மூலை அறைகளில் வடகிழக்கு அறைக்குள்தான் மக்கபேயர் குடும்பத்தார் தீட்டுப்பட்ட கற்களை வைத்திருந்தார்களாம். விடியுமுன் சாம்பல் அள்ளப் போகும் குரு எழுந்து புறப்படுவதும் அந்த இல்லத்திலிருந்துதான்.

பலிபீடம் மறுபடியும் அர்ப்பணிக்கப்பட்டதை யூதர்கள் ஆண்டுதோறும் அனுக்கா விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஓர் ஆண்டு அந்த விழா நாளில் இயேசு எருசலேமில் இருந்தார் என்று எழுதும் யோவான் நற்செய்தி, அது குளிர்காலம் என்பதையும் குறிப்பிடுகிறது. அவர் சாலொமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார். மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, எவ்வளவு காலம் எங்களைக் காக்க வைப்பீர், நீர் கிறிஸ்துவானால் வெளிப்படையாகச் சொல்லிவிடும் என்றார்கள். முற்றத்தின் அந்தப் பக்கம், குருக்கள் உறங்கும் இல்லத்து மூலையறையில், தீர்க்கதரிசி வரட்டும் என்று அடுக்கி வைத்த கற்கள் இருந்தன.