பாளையங்கோட்டையில் 39 டிகிரி. தகரக் கூரைக்குள் எவ்வளவு?

கோடை வந்தால் மாலைச் செய்தியில் ஊர் ஊராக வெப்பநிலை வாசிப்பார்கள். அந்தப் பட்டியலில் பாளையங்கோட்டை தவறாமல் இடம்பெறும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுக்கூடம் அங்கே இருக்கிறது. அங்கு எப்படி அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரப்பெட்டி, காற்று தாராளமாகப் புகுந்து வெளியேற நாலு புறமும் சாய்வான பலகைச் சட்டங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், கட்டடங்களை விட்டு விலகித் திறந்தவெளியில் அது நிற்கும். வெப்பமானி அதற்குள் நிழலில் இருக்கும். உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க இதுவே சரியான முறை.

ஆனால் நிழலும் காற்றோட்டமும் வெள்ளைச் சாயமும் அந்தப் பெட்டிக்குக் கிடைத்த அளவுக்கு நம் வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

மேலப்பாளையத்திலும் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து ஊர்களிலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளகு, அதில் அளவாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள், பக்கத்தில் நூல்கண்டு. விசிறியைப் போட்டால் தூள் பறக்கும்; நனைத்துப் பதமாக்கி வைத்த இலை காய்ந்து, சுற்றும்போது கிழியும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டோ, ஓரமாகத் திருப்பி வைத்தோ வேலை பார்க்கிறார்கள். தலைக்கு மேலே தகரம், அல்லது சிமெண்ட் ஷீட். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கூரை கக்கும் வெக்கை நேரே உச்சந்தலையில் இறங்கும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. எழுந்து போய் வேப்பமரத்து நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். தாமிரபரணியின் கடைமடைக்கு அப்பால், தேரிக்காட்டுப் பனை விடிலிகளில் (ஓலைக் குடில்களில்) பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் பெண்களுக்கு வெயிலோடு அடுப்பின் அனலும் சேர்ந்துகொள்கிறது. பதநீர்ப் பருவம் வருவதே கடுங்கோடையில்தான். இவர்கள் இருக்கும் இடத்தின் வெப்பத்தை யாரும் அளப்பதில்லை. அளக்காத வெப்பம் அரசின் எந்தக் கணக்கிலும் ஏறாது, அதற்கு நிவாரணமும் வராது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் எதுவரை நின்றது என்று இன்றும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். வெப்பம் அப்படி எந்தத் தடயமும் விடுவதில்லை. மயங்கி விழுந்தவர் இறந்துபோனால் 'மாரடைப்பு' என்று எழுதுகிறார்கள். வயதானவர் இரவில் தூக்கத்தில் போய்விட்டால் 'வயசாயிட்டு' என்று சொல்லி எடுத்துவிடுகிறோம்.

'வெப்ப அலை' என்று எப்போது அறிவிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்; அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரம் என்றால் 37 டிகிரி போதும், ஆனால் அதே 4.5 டிகிரி உயர்வு அங்கேயும் தேவை. 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்பு எதுவாக இருந்தாலும் வெப்ப அலைதான். இப்போது நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் இயல்பே 37 என்றால் 41.5 ஆனால்தான் வெப்ப அலை. 40 டிகிரியில் பத்து நாள் தொடர்ந்து காய்ந்தாலும் அறிவிப்பு வராமல் போகலாம். ஏற்கெனவே சூடான ஊருக்கு இந்த அளவுகோல் பாதகமானது. அதோடு, மேற்கே தென்காசியில் சாரல் விழும் ஜூன், ஜூலையிலும் மழை மறைவுப் பகுதியான நெல்லையில் வெயில் விடாது. கத்திரி முடிந்தபின், ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேரை வடம்பிடித்து இழுப்பவர்களைப் பாருங்கள். நீர்மோரும் நிழற்பந்தலும் மே மாதத்தோடு முடிந்துபோகிற வேலைகளாக இருக்கக் கூடாது.

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிவதால் மட்டும் பயனில்லை. அது ஆவியாக வேண்டும். புழுக்கம் மிகுந்தால் ஆவியாவது குறையும், இதயம் இன்னும் வேகமாக அடித்து இரத்தத்தைத் தோலுக்குத் தள்ளும். முதலில் தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். இந்தக் கட்டத்தில் நிழலுக்கு வந்து, உப்புச் சர்க்கரைக் கரைசலோ நீர்மோரோ குடித்து ஓய்வெடுத்தால் மீண்டுவிடலாம். பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, வலிப்பு, மயக்கம் ஆகியவை வேறு கட்டம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அதுதான் வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை சும்மா காத்திருக்காதீர்கள். உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டியோ ஈரத்துணியோ வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. வியர்க்காமல் உடம்பு காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கக்கூடும்.

கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் அவர்கள் செய்த இன்னொரு ஆய்வில் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் தெரிந்தது. உப்பளத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆகவே வேலையிடத்தில் ஒரு கழிப்பறை இருப்பதும் வெப்பப் பாதுகாப்புதான்.

இனி உரிமைக்கு வருவோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ரூ.4 லட்சம் வழங்கலாம். நிவாரணப் பணியில் இருந்தபோது இறந்தவர்களுக்கும் இது பொருந்தும். குடிநீர்ப் பந்தல், உப்புச் சர்க்கரைக் கரைசல், மருத்துவ ஏற்பாடு ஆகியவற்றுக்கும் அந்த நிதியைச் செலவிடலாம். நல்ல அறிவிப்புதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. இறப்புக்கு வெப்பமே காரணம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும்.

பல குடும்பங்கள் இங்கேதான் தோற்றுப்போகின்றன. வெயிலில் விழுந்தவரைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறெங்கோ கொண்டுபோனால், சேர்க்கும்போதே உடல் வெப்பநிலையை அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உடம்பு குளிர்ந்தபின் அளந்தால் அந்தச் சான்று போய்விடும். இறந்துவிட்டால், மனசு கேட்காதுதான், இருந்தாலும் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றே தகவல் கொடுங்கள். வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

வேலையிடத்தில் குடிநீரும் அடிப்படை வசதிகளும் தருவது முதலாளியின் கடமை. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் அதைச் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் சொல்கிறது. ஆனால் திறந்தவெளி வேலையை எத்தனை டிகிரியில் நிறுத்த வேண்டும் என்று எந்த எண்ணும் அவற்றில் இல்லை. நெல்லைச் சீமையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. புழுக்கம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். அமீரகத்திலும் நண்பகல் ஓய்வுச் சட்டம் உண்டு. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தோஹாவில் கொத்தனாராக இருக்கும் அண்ணனுக்குச் சட்டத்தில் உள்ள ஓய்வு, நெல்லை கேடிசி நகரில் கட்டடம் கட்டும் தம்பிக்கு இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகளை வைத்துச் சொன்னது. அந்த உரிமைக்கு வேலை நேரம் என்ற உருவத்தைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு.

நகரம் என்ன செய்யலாம் என்பதற்கு அகமதாபாத் வழி காட்டியது. 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி பதிவானது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்று பின்னர் கணக்கெடுத்தார்கள். வெயில் ஏறிய நாளையும் இறப்பு கூடிய நாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, தங்கள் ஊருக்கு எத்தனை டிகிரி ஆபத்து என்று அவர்களே முடிவு செய்தார்கள். 2013இல் வெப்பச் செயல்திட்டம் வந்தது. திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளின் இறப்புப் பதிவேடும் பாளையங்கோட்டை வெப்பநிலைப் பதிவும் அரசிடமே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய செலவு ஆகாது.

அடுத்தது கூரை. சுண்ணாம்பு அடித்த தட்டட்டி (மொட்டைமாடி) வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதும் தட்டோடு பதித்தால் சூடு இறங்காது என்பதும் நம் கொத்தனார்களுக்குப் புதிதில்லை. வெள்ளைப் பூச்சுக் கூரைகளால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாகப் பல நகரங்களின் அனுபவம் சொல்கிறது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. மேலப்பாளையத்திலும் தச்சநல்லூரிலும் தகரக் கூரை வீடுகளைக் கணக்கெடுத்து, மார்ச்சுக்குள் மாநகராட்சியே பூசித் தரலாம். ஏசி வாங்க முடியாத வீட்டுக்கு இதைவிட மலிவான உதவி இல்லை. பீடி சுற்றும் பெண்ணுக்கு விசிறி இல்லாமலும் இது குளிர்ச்சி தரும்.

கடைசியாகக் கால்வாய். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய் என்று நகரத்தைச் சுற்றித் தாமிரபரணி கிளைவிட்டு ஓடிய ஊர் இது. வயலும் குளமும் ஓடைக்கரை மரங்களும் சேர்ந்து ஊரைக் குளிர்வித்தன. வயல்கள் மனைகளாயின. தென்காசிச் சாலை அகலமானபோது ஓங்கி வளர்ந்த மருத மரங்கள் வெட்டப்பட்டன. கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையை வழக்கமாக ஜூன் 1இல் திறக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கால்வாயில் பெரும்பாலும் நல்ல தண்ணீர் இருக்காது. மேலப்பாளையம் வழியாகப் போகும் பாளையங்கால்வாயில் ஓடுவது சாக்கடை. ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பல முறை கண்டித்திருக்கிறது. கழிவுநீரை நிறுத்தி, இரு கரையிலும் மருதும் புங்கையும் வைத்தால், நடந்துபோகிறவருக்கு ஊருக்குள்ளேயே மைல் கணக்கில் நிழற்பாதை கிடைக்கும். ஊருக்கு வெளியே பூங்கா அமைப்பதைவிட இது எத்தனையோ மடங்கு பயன்படும்.

பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கோடரி சத்தம் கேட்டால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 31ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருந்தாக வேண்டும். அதில் வெப்பத்துக்கு என்ன எழுதியிருக்கிறது, கடந்த கோடையில் எவ்வளவு செலவானது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். வார்டுகளில் 2022 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன. தெருவிளக்கு, சாக்கடை என்று கேட்கும் அதே கூட்டத்தில் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நிழல் எங்கே, தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு எப்போது என்று கேட்டுத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஏப்ரலில் கேட்டால் 'அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்' என்பார்கள். பிசான அறுவடைக்கு முன்பே, தை மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.