காவடிச் சிந்தில் துள்ளலும் கணக்கும்

மேலைச் செவ்விசையில் ‘ஸ்கெர்ட்சோ’ என்பது துள்ளலும் விளையாட்டும் மிக்க இசைப்பகுதி. இத்தாலிய மொழியில் அச்சொல் வேடிக்கையைக் குறிக்கும். மினுவெட் என்னும் மும்மைத் தாள நடனத்தின் இடத்தை அது பெற்றது. ஹைடன் 1781இல் இயற்றிய நால்வர் நரம்பிசைப் படைப்புகளில் அப்பெயர் காணப்படுகிறது. தமிழில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது காவடிச் சிந்து. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகன்மீது இதனைப் பாடினார். முன்னது ஆடலிலிருந்தும், பின்னது காவடி சுமப்போர் நடையிலிருந்தும் உருப்பெற்றன.

சிந்தில் குறிலும் நெடிலும் தனித்தனி ஓரசையாகவே கொள்ளப்படும். மும்மை நடையில் மூன்றசை ஒரு சீராகும். அசை குறையுமிடத்தை இசைநீட்டம் நிரப்பும். அந்நீட்டமும் அதனையடுத்து வரும் விரைவுமே துள்ளலைத் தோற்றுவிக்கின்றன. எனவே, கச்சேரியின் இறுதியில் துக்கடாவாகப் பாடப்படுவது கொண்டு இதனை இலகுவான வடிவமெனக் கருதுதல் பொருந்தாது. வரிகளை மட்டும் அச்சிட்டால் நீட்டங்கள் மறைந்து, நிறைவான சீரும் குறையுடையதாகத் தோன்றும். ஆகவே, சிந்துப் பதிப்புகளில் தாளநடையும் நீட்டங்களும் குறிக்கப்படுதல் இன்றியமையாததாகும்.