செட்டையில் எழுதிய பெயர்

ஓர்காவைக் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்றே பலர் அறிவர். உண்மையில் அது ஓங்கில் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தில் மிகப் பெரியதும் அதுவே. சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, அதன் உருவத்தைவிட அதன் குடும்ப வாழ்வே எனக்கு வியப்பளித்தது.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் இடைப்பட்ட கடலில் மூன்று ஓர்காக் கூட்டங்கள் உள்ளன. அங்கு தாய்வழிதான் குடும்பம். 6 அடி உயரமான முதுகுச் செட்டையோடு வளர்ந்துவிட்ட ஆணும் தன் தாயை விட்டுப் பிரிவதில்லை. சல்மன் மீன் குறைந்த காலங்களில், பிள்ளை பெறும் வயதைக் கடந்த மூதாட்டிகளே முன்சென்று வழிகாட்டுவதாக 2015 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

கனடாவிலுள்ள உறவினரிடம் சென்றிருந்தபோது, எல்லைக்கு அப்பாலுள்ள சான் ஜுவான் தீவுக்கும் போகக் கிடைத்தது. அங்குள்ள லைம் கில்ன் முனை மேற்கு நோக்கியது. வெளிச்சவீட்டின் கீழுள்ள பாறையில் பலர் கமராவுடன் காத்திருந்தனர். ஆனி மாதமாதலால் இரவு 9 மணியளவில்தான் சூரியன் சாய்ந்தது. முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னர் செம்மஞ்சள் நீரில் கருஞ்செட்டைகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. அருகில் நின்ற வயதான பெண்மணி ஒரு செட்டையைப் பார்த்ததுமே, "இது இன்னாருடைய மகள்" என்றார்.

அந்திப் படம் அழகுதான். ஆனால் அதில் உடல் முழுவதும் கறுப்பாகவே விழும். யாரென அறிய, செட்டையின் வெட்டுகளோடு அதன் பின்னாலுள்ள சாம்பல் நிறத் திட்டும் தெரிய வேண்டும். அதற்கு வெளிச்சம் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

இவ்வாறு படத்தால் அடையாளங்காணும் முறையை 1970களில் வளர்த்தவர் கனடிய ஆய்வாளர் மைக்கேல் பிக். அதற்கு முன்னரே காட்சிச்சாலைகளுக்காகப் பல குட்டிகள் தாய்மாரிடமிருந்து பிடித்துச் செல்லப்பட்டிருந்தன. 1970 இல் பிடிபட்ட டோகிடே என்பவள் வீடு திரும்பாமலே 2023 இல் மயாமியில் இறந்தாள். எத்தனை உயிர்கள் எஞ்சியுள்ளன என்பது எண்ணிய பின்னரே தெரிந்தது. 2024 இல் இருந்தவை 73 மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் பெயரும் இலக்கமும் உண்டு. ஒன்று வராவிட்டால் தேடுகிறார்கள்.

2018 இல் டலிக்குவா என்ற தாய், பிறந்தவுடன் இறந்த தன் குட்டியை 17 நாட்கள் சுமந்து நீந்தினாள். 2020 இல் மீண்டும் ஓர் ஆண் குட்டியை ஈன்றாள். 2025 தொடக்கத்தில் இன்னொரு குட்டியையும் இழந்து அவ்வாறே சுமந்தாள். உலகம் அவளது துயரை அறிந்தது, அவள் யாரென்று தெரிந்திருந்ததால்தான்.

சகோதரிகளே, என்னிடம் வரும் தாய்மார் பலரின் கையில் ஒரு புகைப்படம் இருக்கும். அதன் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். பெயர், பிறந்த ஆண்டு, படம் எடுத்த இடம், கடைசியாகக் கண்ட நாள் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். பிரதியொன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகளை மடியில் இருத்தி, "இது உன் மாமா" என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள்.