அதிரும் டிக்கிக்கு எந்த பேட்டரி?

பேஸ் அதிரும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் முதல் பழி பேட்டரிமேல்தான் விழும். 35 ஏ.எச். பேட்டரியைக் கழற்றிவிட்டு 65 ஏ.எச். போடச் சொல்வார்கள். பணம் செலவாகும், விளக்கு மங்குவது மட்டும் பெரிதாகக் குறையாது. இன்ஜின் ஓடும்போது பாட்டுக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர்தான். பேட்டரியின் வேலை இரண்டு நேரங்களில்: இன்ஜின் நின்றிருக்கும்போதும், ஆல்டர்னேட்டருக்கு மூச்சுமுட்டும் அந்தச் சில கணங்களிலும். உங்களுக்கு எந்த நேரத்துக்குப் பேட்டரி வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஆல்டர்னேட்டர் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் வாக்கில் இருக்கும். உண்மையிலேயே 1,000 வாட் தரும் ‘டி’ வகை ஆம்ப்ளிஃபயர், வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஆக, உச்சத்தில் அது இழுப்பது 1,250 வாட், அதாவது ஏறக்குறைய 90 ஆம்பியர். பழைய ‘ஏபி’ வகையில் பாதிக்குப் பாதி சூடாகவே போய்விடும்; அது 140 ஆம்பியர் கேட்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர்களோ பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள்தான். ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் எடுத்ததுபோக மிச்சம்தான் பாட்டுக்கு. சிக்னலில் நிற்கும்போது அதுவும் குறையும்.

நல்லவேளையாக, எந்தப் பாட்டும் முழுநேரமும் உச்சத்தில் ஓடுவதில்லை. குத்துப்பாட்டில்கூட ஒரு பேஸ் அடி நொடியின் சிறு பகுதிதான் நீடிக்கிறது. அந்தச் சிறு பகுதியில்தான் பேட்டரியின் தரம் தெரியும். அடி விழுந்ததும் ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து இறங்குகிறது. 13-க்கும் கீழே வந்த பிறகே பேட்டரி கைகொடுக்கத் தொடங்குகிறது. அதற்கப்புறம் எவ்வளவு சரியும் என்பது பேட்டரியின் அகமின்தடையைப் பொறுத்தது. 5 மில்லி ஓம் தடையுள்ள பேட்டரி 90 ஆம்பியர் தரும்போது தனக்குள்ளேயே 0.45 வோல்ட்டை இழக்கும். வயதாகித் தடை 15 மில்லி ஓமாகிவிட்டால் இழப்பு 1.35 வோல்ட். பேட்டரியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஏ.எச். எண் இதையெல்லாம் சொல்லாது.

ஃபிரான்ஸின் காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான் இன்றும் பானெட்டுக்குள் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரைச் சுற்ற இரண்டு மூன்று நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதற்காகவே மெல்லிய ஈயத் தகடுகளை நிறைய அடுக்கி, அமிலம் படும் பரப்பைக் கூட்டியிருக்கிறார்கள். குறுகிய பேஸ் அடிக்கு இந்த அமைப்பு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் பாட்டுப் போட்டால் இதே மெல்லிய தகடுகள்தான் பலவீனம். 35 ஏ.எச். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். 12.6 வோல்ட் காட்டியது 12.2-க்கு வந்திருக்கும். அடிக்கடி இதற்கும் கீழே இறக்கினால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, ஒரு காலை செல்ஃப் எடுக்காது.

அப்படியானால் வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரியை டிக்கியில் வைத்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். அந்த 150 என்ற எண், பொதுவாக 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவு. வேகமாக இழுத்தால் கிடைப்பது சுருங்கும் என்பதை ஜெர்மானியரான பொய்க்கர்ட் 1897-லேயே கணக்காக எழுதிவைத்துவிட்டார். அதோடு, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஸ்பீடு பிரேக்கரில் அமிலம் தளும்பும். மூடிய டிக்கியில் இரண்டுமே ஆபத்து.

வண்டியை நிறுத்திவைத்துப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, தனியாக ஒரு ஏ.ஜி.எம். பேட்டரி. இதில் அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருப்பதால் தளும்பாது, அகமின்தடையும் குறைவு. எதிரி வெப்பம்தான். அதிக வோல்ட்டில் சார்ஜ் ஏறி ஈரம் வற்றிவிட்டால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சரிசெய்ய வழியில்லை. அதனால் பானெட்டைவிட டிக்கியே இதற்கு நல்ல இடம். நடுவில் ஐசொலேட்டர் ரிலே ஒன்றைப் போட்டால் இன்ஜின் நின்றதும் இரண்டு பேட்டரிகளும் பிரிந்துவிடும். திருவிழா மைதானத்தில் இரவெல்லாம் பாடினாலும் செல்ஃப் எடுக்க முன்பக்க பேட்டரி அப்படியே இருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடை குறைவு. தீரும் தறுவாய்வரை 13 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் தீர்ந்த லித்தியம் பேட்டரி சார்ஜுக்காக ஆல்டர்னேட்டரிடம் தாங்க முடியாத அளவு மின்சாரத்தை இழுக்கும். அதைக் கட்டுப்படுத்தும் டிசி சார்ஜர் இல்லாமல் மாட்டக் கூடாது.

ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் போதும் என்பவர்களுக்கு: 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். ஆயிரம் வாட்டுக்கு அது நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சீரொலியைச் சில நொடிகள் ஒலிக்கவிடுங்கள். முதலில் பேட்டரி டெர்மினலில் அளவெடுங்கள்; பிறகு அதே சத்தத்தில் ஆம்ப்ளிஃபயரின் டெர்மினலில். முன்னால் 13.6, பின்னால் 12.4 என்று காட்டினால் 1.2 வோல்ட்டை வயரும் எர்த்தும் தின்கின்றன. பேட்டரியில் குறையே இல்லை. 16 சதுர மில்லிமீட்டர் சுத்தமான செம்பு வயர் ஐந்து மீட்டர் ஓடினால் 90 ஆம்பியரில் அரை வோல்ட் போகும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் முக்கால் வோல்ட்டுக்கு மேல். விலை மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் இதுதான். எர்த் வயரை பெயின்ட் சுரண்டாமல் முடுக்கியிருந்தாலும் இதே கதை.

முன்பக்க டெர்மினலிலேயே 12-க்குக் கீழே போனால்தான் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சந்தேகப்பட வேண்டும். வயர் மாற்றும்போது ஃபியூஸை மறக்க வேண்டாம். அதன் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது; பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்தால் அந்த முனைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். நடுவில் வயர் நசுங்கினால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும்.